ஏழு நாள் துக்கம்னா நாம என்ன பண்ணணும்?

இன்னிக்கு எபிசோட் ஒரு லிசனரோட கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. 2024 டிசம்பர் 26 அன்னிக்கு முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் இறந்தார். ஏழு நாள் அரசு துக்கம்னு அறிவிச்சாங்க. ஜனவரி 1 வரைக்கும் அது நீண்டுச்சு. அந்தத் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ஏழு நாள் துக்கம்னா நான் என்ன பண்ணணும்? நியூ இயர் பார்ட்டிக்குப் போகலாமா, கூடாதா?"

கேலிக்குக் கேட்ட மாதிரி தெரியலை. உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டிருக்கார். அதனால நேரடியா பதில் சொல்லிடறேன். சட்டப்படி, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அரசு துக்கம்ங்கறது அரசாங்கத்துக்கான விதி. அரசுக் கட்டடங்கள்ல கொடி அரைக்கம்பத்துல பறக்கும், அரசு சார்பா கேளிக்கை நிகழ்ச்சி எதுவும் இருக்காது, அவ்வளவுதான். அந்தக் கொடி விஷயத்துல ஒரு அழகான விதி இருக்கு. கொடியை நேரா பாதிக் கம்பத்துல கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. முதல்ல உச்சி வரைக்கும் ஏத்தணும், அப்புறம்தான் அரைக்கம்பத்துக்கு இறக்கணும். சாயங்காலம் கழட்டறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை உச்சியைத் தொட்டுட்டுத்தான் கீழ வரணும். அதாவது, துக்கத்துக்குள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒரு முறை வச்சிருக்காங்க.

ஆனா நம்ம ஊர்ல யார் சர்க்குலரைப் பார்த்து துக்கம் அனுசரிக்கிறாங்க? நம்மகிட்ட வேற ஒரு கணக்கு ஓடுது. அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

2016 டிசம்பர் 5 சாயங்காலத்தை ஞாபகம் வச்சிருக்கீங்களா? சில டிவி சேனல்கள்ல ஜெயலலிதா இறந்துட்டாங்கன்னு செய்தி ஓடுச்சு. ராயப்பேட்டையில அதிமுக தலைமை அலுவலகத்துல கட்சிக்கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குச்சு. ஆஸ்பத்திரி மறுத்ததும் அதே கொடி மறுபடி மேல ஏறுச்சு. ராத்திரி 11.30 மணிக்கு இறந்தாங்கங்கற அறிவிப்பு நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. நான் அப்போ திருச்சி தில்லை நகர்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாசம்கூட ஆகலை, பாக்கெட்ல ஒரே ஒரு ரெண்டாயிரம் ரூபா நோட்டு. மாத்த முடியாதேன்னு ஒரு வாரமா கவலை. மறுநாள் அந்தக் கவலையும் போச்சு, ஏன்னா மாத்துறதுக்கு ஒரு கடைகூட திறக்கலை.

சாயங்காலமே எங்க அம்மா போன் பண்ணிட்டாங்க. "ரூமை விட்டு வெளிய போகாதே"ன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்களுக்கு ஞாபகம் இருந்தது 1987. எம்.ஜி.ஆர் இறந்த அந்த டிசம்பர்ல, துக்கம்ங்கற பேர்ல கடைகள் சூறையாடப்பட்டுச்சு, மவுண்ட் ரோட்ல இருந்த கருணாநிதி சிலையை உடைச்சாங்க. அந்தத் தலைமுறைக்கு தலைவர் இறந்தார்னா முதல்ல வர்றது அழுகை இல்லை, கதவைச் சாத்து. 2016-ல அப்படியெல்லாம் நடக்கலை. அது பெரிய விஷயம், அதைச் சொல்லாம இருக்கக்கூடாது.

திருச்சியில அந்த மரணம் கொஞ்சம் வேற மாதிரி விழுந்துச்சு. காரணம் ஸ்ரீரங்கம். 2011-ல அவங்க ஜெயிச்சு முதலமைச்சர் ஆனது ஸ்ரீரங்கம் தொகுதியில. பூர்வீகம் இந்த ஊர்தான்னு அவங்களே சொன்னாங்க. 2014 செப்டம்பர் தீர்ப்புல பதவி போய், 2015 பிப்ரவரியில இங்க இடைத்தேர்தல் நடந்துச்சு. ஆனாலும் ஊர்க்காரங்க பேச்சுல "நம்ம தொகுதி"ங்கறது போகலை. அப்படிப்பட்ட ஊர்ல, டிசம்பர் 6 சாயங்காலம் மெரினாவுல அவங்க உடலைப் புதைச்சதைப் பார்த்துட்டு, திண்ணையில உக்காந்திருந்த பெரியவங்க ஒரு கேள்வி கேட்டாங்க: "தகனம் பண்ணலையா?"

இந்தக் கேள்விக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அண்ணாவைப் புதைச்சாங்க, எம்.ஜி.ஆரைப் புதைச்சாங்க. திராவிட இயக்கத் தலைவர்களுக்கு சமாதிதான் வழக்கம், ஜனங்க வந்து நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும். இன்னொரு பக்கம், ஐயங்கார் குடும்பத்து வழக்கம் எரிக்கறது. இந்த முடிச்சு எங்க போய் அவிழ்ந்ததுன்னா, கர்நாடகாவுல இருக்கிற ஸ்ரீரங்கபட்டணத்துல. அதே டிசம்பர்ல, உறவினர்கள்னு சொன்ன சிலர், அங்க காவிரிக் கரையில ஒரு பொம்மையை உடலா வச்சு, அடையாளமா தகனச் சடங்கு பண்ணாங்க. காவிரி வழியில மூணு ரங்கம் சொல்லுவாங்க இல்லையா, ஆதி ரங்கம் ஸ்ரீரங்கபட்டணம், கடைசி ரங்கம் நம்ம ஸ்ரீரங்கம். ஒரே ஆறு, ஒரே மரணம். கடற்கரையில ஒரு இறுதிச் சடங்கு, ஆத்தங்கரையில இன்னொண்ணு. ஒருத்தர் யாருக்குச் சொந்தம், ரத்த உறவுக்கா, ஊருக்கான்னு அடிச்சுக்கிட்ட மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு.

இங்க ஒரு நிமிஷம் அம்மா மண்டபத்துக்குப் போயிட்டு வருவோம். ஸ்ரீரங்கத்துல காவிரிப் படித்துறை. வெளியூர் நண்பன் ஒருத்தன் போர்டைப் பார்த்துட்டு, "அம்மா உணவகம், அம்மா குடிநீர், இப்போ இதுவுமா?"ன்னு கேட்டான். இல்லப்பா, இந்தப் பேர் அந்தத் திட்டங்களுக்கெல்லாம் ரொம்ப முந்தினது. ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா அங்க கால் வைக்க இடம் இருக்காது. வாத்தியார் முன்னாடி வரிசையா உக்காந்திருப்பாங்க. எள், தர்ப்பை, தண்ணி. கோத்திரம் கேப்பார், பேர் கேப்பார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. மூணு தலைமுறை. அதுக்கு மேல பேர் கேக்க மாட்டார். ஆடிப்பெருக்கு வந்துட்டா அதே படியில புதுசா கல்யாணம் ஆனவங்க மஞ்சள் கயிறோட நிப்பாங்க, சித்ரான்னம் வாசனை அடிக்கும்.

நம்பிக்கை இருக்கு, இல்லைங்கறது வேற விவாதம். எனக்கு அந்தப் படித்துறையில பிடிச்ச விஷயம், அங்க துக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு. பத்து நாளோ, பதினாறு நாளோ, வீட்டுக்கு வீடு மாறும். ஆனா ஒரு நாள் முடியும். எண்ணெய் வச்சுக் குளிச்சு, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, வேலைக்குப் போகணும். வருஷத்துக்கு ஒரு திதி. மூணு தலைமுறை தாண்டினா பேர்கூட நழுவிடும். மறக்கறதுக்கு அனுமதி கொடுக்கிற ஏற்பாடு அது.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ரத சப்தமிக்கு மறுநாள், வளர்பிறை அஷ்டமி அன்னிக்கு, பீஷ்மருக்குத் தர்ப்பணம் பண்ற வழக்கம் உண்டு. பீஷ்மருக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. யார் எள்ளுந்தண்ணியும் இறைப்பாங்க? அதனால எல்லாரும் இறைங்கன்னு வச்சுட்டாங்க. சொந்தம் இல்லாத ஒரு பெரிய மனுஷருக்கு ஊரே பிள்ளையா நிக்கறது. பொதுத் துக்கத்துக்கு நம்ம மரபுல இருக்கிற ரொம்பப் பழைய வடிவம் இதுவா இருக்கும்னு எனக்குத் தோணுது. 2016-ல தமிழ்நாடு முழுக்க கட்சிக்காரங்க மொட்டை போட்டாங்க இல்லையா, அதைப் பார்த்து சிட்டியில நிறையப் பேர் நக்கல் பண்ணாங்க. அம்மா செத்தா மகன் மொட்டை போடுவான். அவங்க 'அம்மா'ங்கற வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அதுல சிரிக்க ஒண்ணும் இல்லை.

எனக்குச் சங்கடம் வேற இடத்துல. வீட்டுச் சடங்கோட அழுகையை எடுத்துக்கிட்டோம், அதோட அளவை எடுத்துக்கலை.

காந்தியோட அஸ்தியையே பாருங்க. 1948 பிப்ரவரி 12, பதிமூணாம் நாள், நாடு முழுக்கப் பல நீர்நிலைகள்ல கரைச்சாங்க. கன்னியாகுமரியில அன்னிக்கு அஸ்தி வச்சிருந்த இடத்துலதான் இப்போ காந்தி மண்டபம் நிக்குது. ஆனா ஒரு பங்கு ஒடிசாவுல கட்டாக் ஸ்டேட் பாங்க் லாக்கர்ல கிடந்துச்சு. 1997 ஜனவரி 30 அன்னிக்குத்தான் அதை எடுத்துக்கிட்டுப் போய் அலகாபாத் சங்கமத்துல கரைச்சாங்க. 49 வருஷம்! நம்ம வீட்ல ஒரு கலசத்தை அப்படி வைக்க விடுவாங்களா? பாட்டி தூங்கவே விடமாட்டாங்க. எல்லாருக்கும் சொந்தம்னு ஆனதும், முடிச்சு வைக்கறது யார் பொறுப்புன்னு தெரியாமப் போயிடுது.

முடிச்சு வைக்க ஆள் இல்லாத துக்கத்துல அடுத்து நடக்கறது, நிரூபிக்கிற போட்டி. நான் எவ்வளவு அழறேன் பாரு. 1969 பிப்ரவரி 3 அண்ணா இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு ரயில்ல இடம் இல்லாம கூரைமேல ஏறி சென்னைக்குப் போனாங்க. முக்கொம்புல பிரிஞ்சு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கால ஓடுதே கொள்ளிடம், அதே ஆறு கடலுக்குப் போற வழியில, சிதம்பரம் பக்கம் ஒரு ரயில் பாலம். அந்தப் பாலத்து இரும்புச் சட்டத்துல அடிபட்டு, கூரைமேல இருந்தவங்க பல பேர் செத்துப்போனாங்க. அண்ணாவோட ஊர்வலக் கூட்டம் கின்னஸ் சாதனைன்னு நாம பெருமையாச் சொல்லுவோம். அந்தக் கூட்டத்துல போய்ச் சேராதவங்களைப் பத்தி ஒரு வரி சொல்ல மாட்டோம்.

2018 ஆகஸ்ட் 8, கருணாநிதி உடல் ராஜாஜி ஹால்ல. நெரிசல்ல ரெண்டு பேர் இறந்தாங்க. (அந்த ஹால் 1802-ல கம்பெனிக்காரங்க போர் வெற்றியைக் கொண்டாடக் கட்டின விருந்து மண்டபம். இன்னிக்கு அந்தப் பேரைக் கேட்டா யாருக்கும் விருந்து ஞாபகத்துக்கு வராது.)

ஜெயலலிதா இறந்தப்ப வந்த கணக்கு இதைவிடக் கனமானது. அதிர்ச்சியிலும் துக்கத்திலும் 470 பேர் இறந்ததா அந்த டிசம்பர்ல கட்சி அறிவிச்சுது, குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய்னு சொல்லுச்சு. உதவி கொடுக்கறது தப்புன்னு நான் சொல்லலை. ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க. ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்த ஒரு மனுஷன், டிவி பார்த்துக்கிட்டிருக்கும்போது சாஞ்சுட்டார். அவர் வீட்டுக்கு அது அப்பாவோட சாவு. பட்டியல்ல ஏறினதும் அது தலைவிக்கான விசுவாசம் ஆயிடுது. இறந்த எண்ணிக்கை கூடக்கூட தலைவர் பெருசாறார். அந்த எண்ணிக்கையைப் பெருமையாப் படிக்கிற கட்சி எதுவா இருந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. நாளைக்கு வேற ஒரு தலைவர் இறக்கும்போது, மனசு உடைஞ்சு நிக்கிற ஒரு இருபது வயசுப் பையன் அந்த எண்ணைப் பார்க்கிறான்ங்கறதை மறந்துடறாங்க.

சரி, தலைவருக்காகச் சாகறது நம்ம மரபுதானேன்னு ஒருத்தர் கேப்பார். கேளுங்க, அதுக்கும் பதில் திருச்சியிலேயே இருக்கு. உறையூர்ல.

கோப்பெருஞ்சோழன் கதை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, பாதியா. உறையூர்ச் சோழன். மகன்களோட பகை முத்திப்போய், புலவர் ஒருத்தர் புத்தி சொல்ல, போரை விட்டுட்டு, ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டுல வடக்கு நோக்கி உக்காந்து உண்ணாம உயிர் விட்டார். நேர்ல பார்த்தே இல்லாத பிசிராந்தையார் பாண்டிய நாட்லேர்ந்து வந்து கூடவே உக்காந்தார். இதுவரைக்கும்தான் நமக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. நட்புக்கு இலக்கணம், மார்க் மூணு.

சொல்லிக் கொடுக்காத ஆள் பொத்தியார். அவரும் புலவர், அரசனோட கூடவே இருந்த நண்பர். அவரும் கூட உக்கார வந்தார். அரசன் விடலை. உன் மனைவி கர்ப்பமா இருக்கா, பிள்ளை பிறந்த பிறகு வான்னு திருப்பி அனுப்பிட்டார். சாகப்போற மனுஷன், தனக்காகச் சாக வந்தவனைப் பார்த்து, வீட்டுக்குப் போன்னு சொல்றார். பொத்தியார் திரும்பிப் போனார். அரசன் இல்லாத உறையூரைப் பார்த்து அவர் புலம்பின பாட்டு புறநானூத்துல இருக்கு. பின்னாடி, அரசனுக்கு நடுகல் நட்டப்புறம், அவரும் வந்து அங்கேயே உயிர் விட்டார்ங்கறது மீதிக் கதை. அந்த முடிவை நான் மறைக்கலை, இனிப்பாக்கவும் இல்லை. ஆனா அந்த நடுவுல இருக்கிற காட்சி, "இப்போ வேண்டாம், உன் வீட்ல உனக்கு வேலை இருக்கு"ன்னு தலைவனே சொன்ன காட்சி, அதுவும் நம்ம மரபுதான். பிசிராந்தையாரை மட்டும் எடுத்துக்கிட்டு பொத்தியாரை விட்டுட்டோம்.

திருச்சியில இதைச் சொன்ன இன்னொருத்தர் பெரியார். புத்தூர்ல பெரியார் மாளிகை இருக்கு, ரொம்ப வருஷம் அவருக்கு இந்த ஊர்தான் இருப்பிடம். 1933 மே 11, மனைவி நாகம்மை இறந்தாங்க. ஊர் திரண்டு வந்து அழுதா ஆச்சரியம் இல்லை, அவ்வளவு பேருக்குச் சோறு போட்ட கை அது. அவர் யாரும் அழ வேண்டாம்னுட்டார். மறுநாள் கிளம்பி திருச்சிக்கு வந்து, 144 தடையை மீறி ஒரு கிறிஸ்தவத் திருமணத்தை நடத்தி வச்சுக் கைதானார். எனக்கு இது கொஞ்சம் பயமா இருக்கும், உண்மையைச் சொல்லணும்னா. ஒரு நாள்கூடவா உக்காரக்கூடாது?

ஆனா அதே மனுஷன் 1972 டிசம்பர் 25 ராஜாஜி இறந்தப்போ, 93 வயசுல வந்து, எல்லார் முன்னாடியும் அழுதார். இந்தித் திணிப்பு, குலக்கல்வித் திட்டம்னு வாழ்நாள் பூரா எதிர்த்து நின்ன ஆளுக்காக. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத அழுகை அது. கட்சிக்காரங்களுக்குத் தர்மசங்கடமாக்கூட இருந்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு, 1973 டிசம்பர் 24, அவரும் போயிட்டார். இப்போ ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிர்லயே அவர் சிலை இருக்கு. 2006 டிசம்பர்ல, திறக்கறதுக்குச் சில நாள் முன்னாடி உடைச்சாங்க, அப்புறம் திறந்தாங்க. ஒவ்வொரு டிசம்பர் 24-க்கும் மாலை விழும். பக்கத்துல பூக்கடைக்காரங்க ரெண்டு பக்கத்துக்கும் மாலை கட்டுவாங்க, கோயிலுக்கும் சிலைக்கும். பூவுக்குக் கொள்கை கிடையாது.

நம்ம தலைமுறை சொந்தமா அழுத முதல் தலைவர் யாருன்னா, நிறையப் பேருக்கு அப்துல் கலாம்தான். 2015 ஜூலை 27, ஷில்லாங்ல மாணவர்களுக்கு உரை நிகழ்த்திக்கிட்டிருக்கும்போதே சரிஞ்சார். அவர் இயற்பியல் படிச்சது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில, 1954-ல பட்டம். அந்த வாரம் தெப்பக்குளம் பக்கம் போனா, எந்தக் கட்சியும் காசு கொடுக்காத ஃபிளெக்ஸ் தெருவுக்குத் தெரு. ஆட்டோ ஸ்டாண்ட் சார்பா, சலூன் சார்பா, ஏழாம் வகுப்பு பி பிரிவு சார்பா. கடையை உடைக்கலை, பஸ்ஸை நிறுத்தலை. 30-ஆம் தேதி ராமேஸ்வரத்துல அடக்கம், தமிழ்நாட்டுல விடுமுறை விட்டாங்க. நான் இறந்தா லீவு விடாதீங்க, ஒரு நாள் கூடுதலா வேலை பாருங்கன்னு அவர் சொன்னதா ஒரு வாசகம் அன்னிக்கு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு. நாம அந்த வாசகத்தை ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு லீவையும் எடுத்துக்கிட்டோம். அது நமக்கே உரிய திறமை.

ஸ்டேட்டஸ் போடறதைக் குறை சொல்ல நான் வரலை. எங்கயோ இருந்துக்கிட்டு ஆர்ஐபி போடறது, ரயில் கூரையில ஏறறதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனா அங்கயும் போட்டி வந்துடுச்சு கவனிச்சீங்களா? "நீ ஏன் இன்னும் போடலை?"ன்னு கேக்கறாங்க. ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொன்னா, ஒரு தலைவர் இறந்த அன்னிக்கு அவளோட பிறந்தநாள் போட்டோ போட்டதுக்கு இருபது பேர் திட்டினாங்களாம். கொடிக்கம்ப விதி அரசாங்கத்துக்கு மட்டும்தான்னு அந்த இருபது பேருக்கும் யாராவது இந்த எபிசோடை ஃபார்வர்ட் பண்ணுங்க.

நம்ம கேள்விக்காரத் தம்பிக்கு இன்னொரு தகவல். இந்த நாட்டுல வருஷா வருஷம் வர்ற ஒரு பொதுத் துக்கத்துக்கு அளவு எழுதியே வச்சிருக்கு. ஜனவரி 30, காலை 11 மணி, விடுதலைப் போராட்டத்துல உயிர் விட்டவங்களுக்காக ரெண்டு நிமிஷ மௌனம். சரியா ரெண்டு நிமிஷம். முடிஞ்சதும் அவங்கவங்க வேலைக்குப் போகலாம். அரசு ஆபீஸ்ல எழுந்து நிப்பாங்க. உங்க ஐடி கம்பெனியில அந்த நேரம் ஸ்டாண்டப் மீட்டிங்னா, எப்படியும் நின்னுக்கிட்டுத்தானே இருப்பீங்க.

அப்புறம், தம்பி, பார்ட்டி முடிஞ்சு போயிருக்கும். போயிட்டு வந்திருந்தா ஒண்ணும் தப்பில்லை.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேண்டுகோள். வீட்ல பாட்டி, தாத்தா இருந்தா ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள: எந்தத் தலைவர் செத்த அன்னிக்கு நம்ம வீட்ல அடுப்பு எரியலை?